கற்பனைக் காடும் கிளுவை வேலியும்

கண்ணை மூடிக்கொள்ளுங்கள், ஒரு காட்டுக்குள் நடந்து போய்க்கொண்டிருக்கிறீர்கள், கூட வருவது யார்? அந்த விளையாட்டு இப்படித்தான் ஆரம்பிக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வரும், கல்லூரி பஸ்ஸில் யாராவது கேட்பார்கள், கம்பெனிகளில் நடத்தும் பயிற்சி வகுப்புகளில்கூட இப்போது வருகிறது. அப்புறம் வரிசையாகக் கேள்விகள். எதிரே ஒரு விலங்கு, என்ன விலங்கு, எவ்வளவு பெரிசு, நீங்கள் என்ன செய்தீர்கள்? கொஞ்சம் தள்ளி ஒரு வீடு, பெரியதா சின்னதா, சுற்றி வேலி இருக்கிறதா? உள்ளே போனால் ஒரு மேசை, அதன் மேல் என்ன இருக்கிறது? பின்வாசல் வழியாக வெளியே வந்தால் தரையில் ஒரு கோப்பை கிடக்கிறது, எதில் செய்தது, அதை என்ன செய்தீர்கள்? கடைசியில் ஒரு நீர்நிலை, அது எப்படிப்பட்டது, எப்படித் தாண்டினீர்கள், எவ்வளவு நனைந்தீர்கள்?

எல்லாம் சொல்லி முடித்த பிறகு விடைத்தாள் வரும். கூட வந்தவர் உங்கள் வாழ்க்கையில் முக்கியமானவர். விலங்கின் அளவு உங்கள் பிரச்சினைகளின் அளவு. வீட்டின் அளவு உங்கள் லட்சியம். வேலி இல்லையென்றால் திறந்த மனசு, இருந்தால் யாரையும் உள்ளே விடாதவர். மேசையில் சாப்பாடோ பூவோ, பக்கத்தில் மனிதர்களோ இல்லையென்றால் நீங்கள் சந்தோஷமாக இல்லை. கோப்பை எவ்வளவு உறுதியோ உங்கள் உறவும் அவ்வளவு உறுதி. தண்ணீர் உங்கள் ஆசை, சில வடிவங்களில் நேரடியாகவே காமம் என்று எழுதியிருக்கும்.

இந்த விடைத்தாளைக் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எடுத்து வந்து வரி வரியாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிவிடும். கண்ணை மூடியதும் மனதில் வந்து நிற்பது முதலில் நாம் வளர்ந்த மண்ணும் அங்கே நடக்கும் பிழைப்பும்தான். குணம் அதற்குள் எங்கேயாவது இருக்கலாம், ஆனால் மண்ணைத் தள்ளி வைத்துவிட்டு நேரே குணத்தைப் படிக்க முடியாது.

வேலியை எடுத்துக்கொள்வோம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்று ஒரு மேய்ச்சல் நிலம் உண்டு. மானாவாரி பூமி, கொழுக்கட்டைப் புல் முளைத்துக் கிடக்கும், நடுநடுவே வெள்வேல மரங்கள், நாலு பக்கமும் கிளுவை வேலி. கிளுவைக் கொம்பை வெட்டி மழைக்கு முன்னால் வரிசையாக நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும், முள் நெருங்கி வளர்ந்து சில வருடங்களில் ஆடு நுழைய முடியாத உயிர்வேலி ஆகிவிடும். அந்த வேலி இருப்பதால்தான் காங்கேயம் மாடுகளைக் காலையில் உள்ளே விட்டுவிட்டு ஆள் வேறு வேலையைப் பார்க்கப் போக முடிகிறது. ஒரு பகுதியில் மேய்ந்தபின் அதை ஆறவிட்டு அடுத்த பகுதிக்கு மாற்றுவார்கள், புல் மறுபடியும் தழைக்கும். அதாவது வேலி இல்லையென்றால் மாட்டுக்குக் காவல் இல்லை, புல்லுக்கு ஓய்வும் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் பிறந்த ஒருவரிடம் போய் வீட்டைச் சுற்றி வேலி இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்? அவர் ஊருக்கே சோறு போடும் மனுஷராக இருக்கலாம், வந்தவரை மோர் கொடுக்காமல் அனுப்பாதவராக இருக்கலாம். விடைத்தாள் அவரை மனசு மூடியவர் என்று எழுதிவிடும்.

தடாகம், நரசீபுரம், மதுக்கரை பக்கம் போனால் வேலிக்கு வேறொரு அர்த்தம். மலையடிவாரத்துத் தோட்டங்களில் யானை இறங்கி வாழையையும் தென்னங்குருத்தையும் தின்றுவிட்டுப் போகிற இடங்களில் சோலார் வேலியும் அகழியும் ராத்திரித் தூக்கத்தோடு சம்பந்தப்பட்ட விஷயங்கள். அங்கே வளர்ந்த பிள்ளை கற்பனைக் காட்டில் ஒரு வீட்டை வைத்தால் வேலியோடு சேர்த்துத்தான் வைக்கும்.

விலங்குக் கேள்வியும் அப்படியே. அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ இருப்பவர் மானையோ கரடியையோ நினைத்துக்கொள்ளலாம். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறித் தாளவாடிக்குப் போகிறவருக்கு, பண்ணாரி செக்போஸ்ட் தாண்டி மலை ஏறும் வழியெல்லாம் கண் தேடுவது யானையைத்தான். விடைத்தாள்படி பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் முழுக்க இருப்பவர்களுக்குத்தான் உலகத்திலேயே பெரிய பிரச்சினைகள் என்று ஆகிவிடும். அடுத்ததாக, யானையைக் கண்டு என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு ஓடினேன், நின்றேன், பின்வாங்கினேன் என்று என்ன சொன்னாலும் அதைத் தைரியத்துக்கும் பயத்துக்கும் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். வால்பாறையில் யானைக் கூட்டம் இன்று எங்கே நிற்கிறது என்று செல்போனுக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடு பல வருடங்களாக உண்டு, யானை அருகில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகளும் வைத்திருக்கிறார்கள். எஸ்டேட் வேலை முடிந்து லைன் வீட்டுக்குத் திரும்புகிற ஒரு அக்கா அந்த விளக்கைப் பார்த்து நின்றுவிட்டால் அது அவர் சுபாவம் இல்லை, அந்த ஊரில் உயிரோடு இருப்பதற்கு எல்லோரும் கற்றுக்கொண்ட பழக்கம்.

தண்ணீருக்கு வருவோம், எனக்கு இதுதான் ரொம்பவும் உறுத்துகிற இடம். கொங்கு நாட்டின் சமவெளி மலை மறைவில் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டு வருகிற மழையை மலை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்கிறது. வால்பாறைக்கு மேலே இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று, அதே மாவட்டத்தில் கிழக்கே இறங்கி வந்தால் சூலூருக்கு அந்தப் பக்கம் ஆயிரம் அடிக்கு போர் போட்டும் புழுதி பறக்கிற தோட்டங்கள். சின்னக்கல்லாற்றுப் பிள்ளை கற்பனையில் இரைந்து ஓடும் ஆற்றைப் பார்க்கும், பல்லடத்துக்காரர் மணல் தெரியும் வறண்ட பள்ளத்தைப் பார்ப்பார், தாண்டும்போது கால் நனையவே நனையாது. ஒருவருக்கு ஆசை பொங்கி வழிகிறது, மற்றவருக்கு உள்ளம் வற்றிவிட்டது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய அநியாயம்! அவிநாசி, அன்னூர் பக்கத்து மக்கள், குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருந்து, 2024 ஆகஸ்டில்தான் அது முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்ணை மூடியதும் கரை தளும்புகிற குளத்தைப் பார்த்தால் அவர் மனதில் இருப்பது என்ன என்பதை அந்த ஊரைத் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும்.

கோப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி ஏறுபவர்களிடம் அடிவாரத்தில் வனத்துறை பையைச் சோதித்து பிளாஸ்டிக்கை வாங்கி வைப்பதைப் பார்த்த தலைமுறை இது. காட்டில் கிடக்கும் கோப்பை என்றதும் அவர்களுக்குத் தெரிவது யாரோ வீசிவிட்டுப் போன பேப்பர் கப், எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன் என்று சொல்வார்கள். கல்யாண வாழ்க்கை பேப்பர் கப் மாதிரி இருக்கிறது என்று அதற்கு விளக்கம் சொல்வதைக் கேட்கவே வருத்தமாக இருக்கிறது.

சரி, இந்த மாதிரி சோதனை எங்கிருந்து வந்தது? வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வடிவத்தில் யார் செய்தது, எத்தனை பேரிடம் செய்து பார்த்தது என்று எதுவுமே இருக்காது, ஆனால் இதற்குப் பின்னால் இருக்கிற யோசனைக்கு நூறு வருடத்துக்கு மேல் வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921-ல் பத்து மைக்கறை அட்டைகளை வெளியிட்டார். இது என்ன மாதிரி தெரிகிறது என்று கேட்பதுதான் சோதனை, அடுத்த வருடமே 37 வயதில் அவர் இறந்துபோனார். 1935-ல் ஹார்வர்டில் கிறிஸ்டியானா மார்கனும் ஹென்றி மர்ரேயும் படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள். தெளிவில்லாத ஒன்றைக் காட்டினால் மனிதர் தன் உள்ளத்தையே அதன் மேல் ஏற்றிச் சொல்வார் என்பது இவற்றுக்கெல்லாம் பொதுவான நம்பிக்கை, 1939-ல் லாரன்ஸ் ஃபிராங்க் என்பவர் இவற்றைப் புறத்தேற்ற முறைகள் என்று ஒரே பெயருக்குள் கொண்டுவந்தார். வீடு, மரம், ஆள் மூன்றையும் வரையச் சொல்லும் ஜான் பக்கின் சோதனை 1948-ல் வந்தது. ஒரு மரத்தை மட்டும் வரையச் சொல்லும் கார்ல் கோக்கின் சோதனை அதற்கு அடுத்த வருடம்.

காட்டு நடைக்கு நெருங்கிய சொந்தம் என்று பார்த்தால் இவற்றைவிட வேறொரு கிளையைத்தான் சொல்ல வேண்டும். பிரான்சில் ராபர்ட் தெசுவால் 1930-களில் விழித்திருக்கும்போதே கனவு காண வைக்கும் முறையைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார், மலை ஏறுவதாகவும் ஆழத்துக்கு இறங்குவதாகவும் கற்பனை செய்யச் சொல்வார். ஜெர்மனியில் ஹான்ஸ்கார்ல் லாய்னர் 1950-களில் இதை ஒழுங்குபடுத்தினார். அவர் எடுத்துக்கொண்ட தொடக்கக் காட்சிகள் புல்வெளி, ஓடை, மலை, வீடு, காட்டின் ஓரம். ஆமாம், காட்டின் ஓரம்! ஆளைக் காட்டுக்குள் அனுப்புவதில்லை. விளிம்பில் நின்று இருட்டுக்குள் பார்க்கச் சொல்வார்கள், உள்ளிருந்து யார் வெளியே வருகிறார்கள் என்று கேட்பார்கள், மனிதரோ விலங்கோ வந்தால் பயப்படாமல் அதோடு எப்படிப் பழகலாம் என்று கூடவே இருந்து வழிநடத்துவார்கள். ஒரே தடவையில் முடிகிற வேலை கிடையாது, பல அமர்வுகள் நடக்கும். ஆளை ஓய்வான நிலையில் படுக்கவைத்து, பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்திலேயே இருந்து, வருகிற காட்சிகளை அந்த ஆளின் வாழ்க்கையோடு வைத்துத்தான் பேசுவார். வீடு என்றால் இது, விலங்கு என்றால் அது என்று ஒரு தாளில் எழுதி நீட்டும் வேலை அதில் இல்லை. 1990-களில் ஜப்பானில் இப்படிப்பட்ட கற்பனைக் கேள்விகள் டிவி நிகழ்ச்சியாகவும் புத்தகமாகவும் பிரபலமாகி உலகம் முழுக்கப் போயின. சிகிச்சை அறையிலிருந்து வரவேற்பறைக்கு வந்த வழியில் கூட இருந்த ஆள் காணாமல் போய் விடைத்தாள் மட்டும் மிஞ்சிவிட்டது.

அப்படியானால் விடைத்தாள் ஏன் நமக்குப் பொருந்துகிற மாதிரியே இருக்கிறது? கேட்ட பத்துப் பேரில் பாதிப் பேராவது அட, சரியாத்தான் சொல்லுது என்பார்கள். இதற்கு இரண்டு பழைய ஆய்வுகளைத் தெரிந்துகொண்டால் போதும். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணச் சோதனை வைத்தார், பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அத்தனை பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள், பெரும்பாலான வரிகள் கடையில் விற்கிற ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. சில சமயம் கலகலப்பாக இருப்பீர்கள், சில சமயம் ஒதுங்கி இருப்பீர்கள் என்று எழுதினால் யாருக்குத்தான் பொருந்தாது? உங்கள் பிரச்சினை பெரிது, உங்கள் உறவில் ஒரு பயம் இருக்கிறது என்பதும் அந்த ஜாதிதான்.

இரண்டாவது ஆய்வு இன்னும் முக்கியமானது, இதைப் பலர் சொல்வதில்லை. 1967-ல் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் தம்பதி மாணவர்களிடம் மனித உருவப் படங்களைக் காட்டி, ஒவ்வொன்றின் கீழும் அதை வரைந்தவருக்கு இருப்பதாக ஒரு மனக் குறையை எழுதிவைத்தார்கள். எந்தப் படத்துக்கு எந்தக் குறை என்பதைக் கண்டபடி மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள், ஆகவே அவற்றுக்குள் தொடர்பே கிடையாது. ஆனாலும் சந்தேக புத்தி உள்ளவர்கள் கண்ணை விசேஷமாக வரைகிறார்கள் என்று மாணவர்கள் கண்டுபிடித்தார்கள், அனுபவமுள்ள மருத்துவர்களும் தங்கள் அனுபவத்தில் கண்டது என்று அதே தொடர்பைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்கும் சந்தேகத்துக்கும் நம் பேச்சிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது, அந்த முடிச்சைத்தான் எல்லோரும் படத்தில் பார்த்திருக்கிறார்கள். வேலி என்றால் மூடிய மனசு, பெரிய வீடு என்றால் பெரிய லட்சியம், உடையாத கோப்பை என்றால் உடையாத உறவு, எல்லாம் இதே ரகம். கேட்டவுடன் சரி என்று படுவது அது உண்மை என்பதால் கிடையாது, அந்த முடிச்சு நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால்.

நிலத்தையும் மனதையும் சேர்த்து யோசிப்பது நமக்குப் புதுசா என்ன? தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று பிரித்து வைத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதல், அங்கே வாழும் விலங்கு, பறவை, மரம், தொழில் எல்லாம் கரு, மனதில் நிகழ்வது உரி. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை, அதற்குரிய உணர்வு இருத்தல், போனவன் வருவான் என்று கார்காலத்து மாலையில் காத்திருப்பது. ஆடு மாடு மேய்க்கிறவர்களின் நிலம் அது, நம் கொறங்காட்டுக்கு மிகவும் பக்கத்தில் வருவது. ஆனால் திணைக்கும் இந்த விடைத்தாளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. முல்லைப்பூ மலர்ந்தது என்று புலவர் சொன்னால் அதன் பொருள் கேட்பவருக்கும் தெரியும், இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட வழக்கு அது. காட்டு நடைச் சோதனையில் பதில் சொல்பவருக்கு எதுவும் தெரியாது, கேட்பவர் கையில் மட்டும் சாவி இருக்கிறது. திணை யாருடைய குணத்தையும் தீர்ப்பு சொல்லவும் வரவில்லை, காத்திருப்பது எப்படி இருக்கும் என்று காட்டத்தான் வந்தது. இன்னொன்றும் கவனியுங்கள், அங்கே நிலமும் பிழைப்பும் முன்னால் வருகின்றன, உணர்வு அவற்றோடு சேர்ந்துதான் வருகிறது. நான் இவ்வளவு நேரம் வேலியையும் பள்ளத்தையும் பற்றிச் சொன்னதும் இதைத்தான்.

குணத்தை அளக்க முடியவே முடியாதா என்றால், ஓரளவு முடியும். இன்றைக்கு ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்துவது ஐந்து பண்புகள்: புதியதில் ஆர்வம், கடமையுணர்வு, கலகலப்பு, இணக்கம், பதற்றம். இவற்றைச் சலிப்பூட்டுகிற நேரடிக் கேள்விகளால் அளக்கிறார்கள். இந்த மாதம் கேட்டாலும் மூன்று மாதம் கழித்துக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே விடை வர வேண்டும், அந்த விடைக்கும் ஆள் நிஜத்தில் நடந்துகொள்வதற்கும் தொடர்பு இருக்க வேண்டும். இந்த இரண்டையும் தாண்டினால்தான் அது சோதனை. கற்பனைக் காட்டைச் சித்திரை வெயிலில் ஒரு தடவையும் ஐப்பசி மழையில் ஒரு தடவையும் கேட்டுப் பாருங்கள், ஓடையில் தண்ணீர் மாறிவிடும். தெருவில் நேற்று நாய் துரத்தியிருந்தால் இன்றைக்கு விலங்கு நாயாகிவிடும். ரோர்ஷாக் மாதிரி கட்டுக்கோப்பான முறைகளையே ஸ்காட் லிலியன்ஃபெல்டும் அவர் சகாக்களும் 2000-ல் அலசி, சில அளவுகளைத் தவிர பெரும்பாலானவற்றுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அதோடு எல்லோருக்கும் மனக்கண் ஒரே மாதிரி கிடையாது. காலைச் சாப்பாட்டு மேசையை மனதில் பாருங்கள் என்று பிரான்சிஸ் கால்டன் 1880-லேயே பலரிடம் கேட்டு, சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை என்று பதிவு செய்தார். 2015-ல் ஆடம் ஸீமன் குழு அதற்கு அஃபன்டேசியா என்று பெயர் வைத்தது. அப்படிப்பட்டவர் கண்ணை மூடினால் காடும் இல்லை வீடும் இல்லை, அவருக்கு என்ன குணம் என்று எழுதுவது?

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தங்கைக்கு வேலைக்கான இன்டர்வியூவில் இந்தக் காட்டுக் கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள், வீடு சின்னது என்று சொன்னதால் முன்னேற ஆசை இல்லாதவர் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். அவள் சொன்னது அவளுடைய தாத்தாவின் தோட்டத்துச் சாலையை, அதாவது தோட்டத்துச் சின்ன வீட்டை, ஒரு அறை, ஒரு திண்ணை, முன்னால் வேப்பமரம். அவளுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அது. நிச்சயம் ஆன பையனும் பெண்ணும் போனில் இதை விளையாடி, கோப்பை கண்ணாடி என்று சொன்னதற்காக மனஸ்தாபம் ஆவதும் நடக்கிறது. இந்த மாதிரி இடங்களில் தீர்ப்பு சொல்ல இந்தக் கேள்விகளுக்கு ஒரு தகுதியும் கிடையாது, யாராவது கேட்டால் இதை எத்தனை பேரிடம் வைத்துச் சரிபார்த்தீர்கள் என்று தைரியமாகத் திருப்பிக் கேளுங்கள்.

ஆனால் விளையாட்டையே தூக்கிப் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். விடைத்தாளைக் கிழித்துவிட்டு கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டால் வீட்டில் பேச்சு ஆரம்பிக்க இதைவிட நல்ல வழி குறைவு. முக்கியமாகப் பெரியவர்களிடம். அந்தியூர்ப் பக்கத்தில் ஒரு அமுச்சியிடம் அவர் பேத்தி இதைக் கேட்டபோது நானும் இருந்தேன். காட்டுல நடந்து போறீங்க அமுச்சி என்றதுமே, "யாரு காடுங் கண்ணு, என்ன வெதச்சிருக்கு?" என்றார். கொங்குப் பக்கம் காடு என்றால் விதைக்கிற நிலம். மலைக்காடு என்று சொன்ன பிறகு, வீடு வந்த இடத்தில், "அது யாரு ஊடுன்னு தெரியாம எப்புடி உள்ள போறது? வாசல்ல நின்னு ஊட்டுல யாருங்கன்னு கூப்படோணும்" என்றார். விடைத்தாளில் இதற்கெல்லாம் இடமே இல்லை. பேத்தி அதை விட்டுவிட்டு, கூட யாருங்க அமுச்சி வர்றாங்க என்று கேட்டாள். அவருடைய அப்பா. பர்கூர் மலையிலிருந்து செம்மறை மாடுகளை ஆடி மாதம் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஓட்டி இறங்கிய கதை, வழியில் எங்கே தண்ணி காட்டுவார்கள், எந்த வளைவில் மாடு மிரளும், அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பா நடந்தது, எல்லாம் வந்தது.

அப்படிக் கேட்பதற்குச் சில பழக்கங்கள் உதவும். பதில் வந்ததும் அர்த்தம் சொல்லாதீர்கள், அந்த வீடு உங்களுக்கு எங்கேயாவது பார்த்த மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே என்ன வாசம் வந்தது, வெயிலா நிழலா, போக மனசு இருந்ததா திரும்ப மனசு இருந்ததா என்று கேளுங்கள். அர்த்தம் என்று ஏதாவது இருந்தால் சொல்கிறவரே சொல்லட்டும். எதுவும் தெரியவில்லை என்பவரை வற்புறுத்த வேண்டாம். பேசிக்கொண்டிருக்கும்போதே யாருக்காவது மூச்சு வாங்கினாலோ, பழைய பயம் ஏதாவது கிளம்பி அழுகை வந்தாலோ, கண்ணைத் திறக்கச் சொல்லி அதோடு நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருங்கள். காட்டின் ஓரத்தில் வருவதைக் கையாளத் தெரிந்தவர்கள் அதற்கென்று படித்தவர்கள், நாம் நோண்டக் கூடாது. அது அடுத்தடுத்த நாட்களிலும் விடாமல் தொந்தரவு செய்தால் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம். அரசு நடத்தும் இலவச எண் அது, ராத்திரி பகல் எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.